செம்பு தந்த நீலம்

மணியும் மண்ணும் – 9

கொடுமணலில் படிகம், பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம் ஆகியவை அறுக்கப்பட்டு, துளையிடப்பட்டு, மெருகேற்றப்பட்டு மணிகளான முறை சென்ற பகுதியில் விளக்கப்பட்டது. அந்தக் கற்களின் வரிசையில் இடம்பெறாத ஒரு கல்லையும், அந்தக் கல்லின் நிறத்தை வேறு வழியில் அடைந்த ஓர் ஊரையும் பற்றியது இப்பகுதி. கல்லின் பெயர் பிரோசா. இன்றைய நகைக்கடைகளில் டர்காய்ஸ் என்று வழங்கப்படுவதும் இதுவே. ஊரின் பெயர் பொருந்தல்; திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது.

பிரோசா என்பது செம்பும் அலுமினியமும் கலந்த, நீரைத் தன்னுள் கட்டிவைத்திருக்கும் பாஸ்பேட் கனிமம் ஆகும். செம்புத் தாது பொதிந்த பாறைகளின் வழியே மழைநீர் கசிந்திறங்கி, பாறையின் அலுமினியத்தையும் பாஸ்பரசையும் கரைத்துச் சேர்த்து, வெடிப்புகளில் மெல்லிய நரம்புகளாகவும் முடிச்சுகளாகவும் படியவைக்கும்போது அது உருவாகிறது. ஆகவே செம்புப் பாறைகள் மேற்பரப்புக்கு அருகில் கிடக்கும் வறண்ட நிலங்களே அதன் பிறப்பிடங்கள். ஈரானின் குராசான் பகுதியிலுள்ள நிஷாப்பூர் மலைகள், எகிப்தியர் சுரங்கம் தோண்டிய சினாய்ப் பாலைநிலம், அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்கள் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. மோஸ் அளவையில், அதாவது ஒரு கல் மற்றொன்றைக் கீறும் திறனைக் கொண்டு கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் அளவையில், அது 5 முதல் 6 வரையே எட்டும், படிகமோ 7. படிகத்தைத் துளைக்க அதனினும் கடினமான துளைமுனை வேண்டும். பிரோசாவைத் துளைக்க வெறும் சிக்கிமுக்கிக் கல்லின் கூர்முனையே போதும். பலுசிஸ்தானத்தின் மெஹர்கரில், மட்பாண்டம் செய்யத் தொடங்கும் முன்பே வாழ்ந்த மக்களின் புதைகுழிகளில் பிரோசா மணிகள் கிடைத்திருப்பதற்கு இந்த மென்மையும் ஒரு காரணம்.

அதன் கவர்ச்சி ஒளியில் இல்லை. வைரம், மாணிக்கம் போல அது ஒளியை உள்வாங்கிச் சிதறடிப்பதில்லை. ஒளி புகாத, சலனமற்ற, வானத்தின் ஒரு துண்டு போன்ற நிறமே அதன் முழுச் செல்வம். சினாயில் அதைத் தோண்டிய எகிப்தியர் ஹாத்தோர் என்னும் பெண்தெய்வத்தைப் பிரோசாவின் தலைவியாக வணங்கி, செராபித் அல்-காதிம் சுரங்கப் பகுதியிலேயே அவளுக்குக் கோயில் எடுத்தனர். லடாக்கில் இன்றும் பெராக் என்னும் தலையணி உண்டு; நெற்றியிலிருந்து முதுகுவரை தொங்கும் தோற்பட்டையில் பிரோசாக் கற்களை வரிசை வரிசையாகத் தைத்துச் செய்யப்படும் அது, தாயிடமிருந்து மூத்த மகளுக்குச் செல்லும் குடும்பச் சொத்து. பாரசீக நாட்டிலும் அதன் செல்வாக்குப் பரவிய நிலங்களிலும் கண்ணேறு கழிக்கும் கல்லாக அது போற்றப்பட்டது; அணிந்தவருக்குத் தீங்கு நேரவிருந்தால் கல் நிறம் மாறி எச்சரிக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருந்தது. நிறம் மாறுவது உண்மையே. நுண்துளைகள் நிறைந்த அக்கல் உடலின் வியர்வையையும் எண்ணெய்ப் பசையையும் உறிஞ்சி, நாளடைவில் நீலம் மங்கிப் பச்சைக்கு இறங்கும். ரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே, எண்ணெயும் நறுமணத் தைலமும் கலப்பற்ற மதுவும் பட்டால் இவ்வகைக் கல்லின் நிறம் கெடும் என்று எழுதிவைத்தார்.

இத்தகைய கல் தமிழகத்தின் உள்நாட்டுக்கு ஏன் பெருமளவில் வரவில்லை என்ற கேள்விக்குப் பழைய வணிக வழிகளே ஒரு பகுதி விடையைத் தருகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிபுளூஸ் என்னும் கடல்வணிகக் கையேடு, ஒவ்வொரு துறைமுகத்திலும் எது இறங்கியது, எது ஏறியது என்பதைச் சரக்குப் பட்டியலாகவே சொல்கிறது. சிந்து ஆற்றின் கழிமுகத்திலிருந்த பார்பரிக்கம் துறைமுகத்தில் ஏற்றுமதியான பொருள்களுள், பிரோசா என அறிஞர்கள் அடையாளம் காணும் கல்லும் லாபிஸ் லசூலி என்னும் அடர்நீலக் கல்லும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. வடமேற்கு மலைகளிலிருந்து இறங்கிய நீலக்கற்கள் அங்கேயே கப்பலேறி மேற்கு நோக்கிச் சென்றன என்பது இதனால் புலனாகிறது. சேர நாட்டு முசிறியைப் பற்றிய பகுதியிலோ பிரோசா இல்லை. ஆனால் அங்கு வந்திறங்கிய சரக்குகளுள் பவளம், செம்பு, வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றோடு வேலைப்பாடு செய்யாத கண்ணாடிக் கட்டியும் குறிப்பிடப்படுகிறது. கல் வராத நாட்டுக்கு, கல்லின் நிறத்தைத் தரும் செம்பும் அதை ஏற்கும் கண்ணாடியும் வந்தன. கண்ணாடி முழுவதும் கடல்கடந்தே வந்தது என்று இதைக் கொண்டு முடிவுகட்டலாகாது. தென்னிந்தியாவில் கிடைத்த பழங்கண்ணாடி மணிகளுள் பெரும்பாலானவை அலுமினா மிகுந்த சோடாக் கண்ணாடியால் ஆனவை என்றும், அவ்வகைக் கண்ணாடி இந்தியத் துணைக்கண்டத்து மணலையும் உவர்மண்ணையும் கொண்டு இங்கேயே உருக்கப்பட்டது என்றும் வேதியியல் ஆய்வுகள் காட்டியுள்ளன.

முசிறிக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கிழக்கே வரும் வழி இரண்டாகக் கிளைக்கிறது. நொய்யல் கரையோடு கொடுமணலையும் கரூரையும் நோக்கிச் செல்வது ஒன்று. பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல் வழியாக மதுரையை அடைவது மற்றொன்று. முதல் வழி ஆய்வாளர்களின் கவனத்தை நெடுங்காலமாகப் பெற்றுவந்தது. இரண்டாவதற்கு அந்த வாய்ப்பு நெடுநாள் கிட்டவில்லை. பழனியை அடுத்த கலயமுத்தூரில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள், மலையடிவாரத்து இந்த வழியிலும் பெருவணிகம் நடந்ததற்கு நெடுநாள் தனிச் சான்றாக நின்றன. பொருந்தில் இளங்கீரனார் என்னும் சங்கப் புலவரின் பெயரில் முன்னொட்டாக நிற்கும் ஊர் இந்தப் பொருந்தலே என்று ஆய்வாளர் கொள்கின்றனர்.

2009, 2010 ஆகிய ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் பொருந்தலில் இரு இடங்களில் அகழாய்வு நடைபெற்றது. ஆற்றங்கரையில் உள்ள வாழ்விட மேடு ஒன்று. அதனை ஒட்டி மலையடிவாரத்தில் விரிந்த ஈமக்காடு, அதாவது கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் கொண்ட பெருங்கற்காலப் புதைவிடம், மற்றொன்று. ஈமச்சின்னம் ஒன்றில் நான்கு கால் கொண்ட சாடியும் அதனுள் ஏறத்தாழ 2 கிலோ நெல்லும் இருந்தன. பானையை நிறுத்த உதவும் வளையமான பிரிமனை ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. அந்நெல்லின் மாதிரி அமெரிக்காவிலுள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்தில், கரிமம்-14 அணுக்களை நேரடியாக எண்ணிக் காலம் காணும் முறையில் ஆராயப்பட்டபோது கி.மு. 490 என்ற ஆண்டு கிடைத்தது. பிராமி எழுத்து தொடங்கியதாகப் பலர் கொண்ட அசோகர் காலத்துக்கு இரு நூற்றாண்டுகள் முந்தைய நெல்லோடு ஒரே குழியில் எழுத்தும் இருந்தமையால், தமிழ் எழுத்தின் தொன்மை பற்றிய விவாதம் நாளிதழ்கள்வரை பரவியது. அவ்விவாதம் வேறொரு பகுதிக்கு உரியது. இங்கு வேண்டுவது ஒன்றே: அப்பிரிமனையில் கீறப்பட்டிருந்த சொல்லை ராஜன் ‘வய்ர’ என்று படித்து, வைரம் என்னும் மணியோடு தொடர்புபடுத்தினார்.

எழுத்தின் ஆரவாரத்தில் உலையின் செய்தி அமுங்கிப்போனது. உள்ளூரில் பாசிமேடு என்று வழங்கும் வாழ்விட மேட்டில் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகளும், அவற்றைச் செய்வதற்குரிய உலையின் எச்சமும் வெளிப்பட்டன. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை எனப் பல நிறங்களில் அவை இருந்தன. மழை பெய்து மேல்மண் அரிக்கும் போதெல்லாம் மணிகள் தரையில் தெரிவதால் எழுந்த மேட்டின் பெயரை உள்ளூரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்க, ஆய்வுலகம் அங்கு வந்துசேர 21ஆம் நூற்றாண்டு ஆயிற்று. தமிழக வரலாற்றில் ஓர் எழுத்து இரு நூற்றாண்டு பின்னோக்கி நகர்வதால் விளையும் பெருமை பெரிதுதான். எனினும், துறைமுகத்திலிருந்து பல நாள் நடைத் தொலைவில் உள்ள ஓர் அடிவாரச் சிற்றூரில் கண்ணாடியை உருக்கி நிறமேற்றி மணியாக்கும் தொழில்நுட்பம் நிலைபெற்றிருந்தது என்பது அதற்குக் குறைந்த செய்தி அன்று.

அத்தொழில்நுட்பம் எத்தகையது என்பதை உணர, ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையைக் காண வேண்டும். இழுப்பு முறையில் செய்த சிறு கண்ணாடி மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்ற பெயரை நிலைநிறுத்திய அமெரிக்க மணியியல் ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ், புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளின் செய்முறை அவ்வூரில் இன்னும் உயிரோடு இருப்பதைக் கண்டு விரிவாகப் பதிவுசெய்தார். உருகிய கண்ணாடியைக் கனத்த இரும்புக் கோலின் முனையில் திரட்டி, பெரிய கூம்பாக உருட்டி, அதன் நடுவே குழல் வடிவான இரும்புத் தண்டு ஒன்றைச் செலுத்தி உள்ளே காற்றுக்கு வழி செய்வர். கூம்பு மீண்டும் உலைக்குள் வைக்கப்படும். உலையின் மறுபக்கம் அமர்ந்திருப்பவர் கொக்கியால் கூம்பின் நுனியைப் பற்றி இழுக்கத் தொடங்குவார். இழுக்க இழுக்க, நடுவில் துளையுள்ள மெல்லிய கண்ணாடிக் குழல் அறாமல் நீண்டுகொண்டே வரும். ஒரே சீராக இழுப்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. கை சற்றுத் தளர்ந்தால் குழல் தடிக்கும், விரைந்தால் அறுந்துபோகும். இவ்வாறு பெற்ற குழல்களைக் கைந்நீளத் துண்டுகளாக முறித்து, கூரிய தகட்டின்மேல் வைத்து நறுக்கினால் சிறு உருளைகள் உதிரும். அவற்றின் விளிம்பு கூர்மையானது; நூலை அறுக்கும், கழுத்தைக் கீறும். ஆதலால் அவ்வுருளைகளைச் சாம்பலோடு கலந்து, துளைகளில் சாம்பல் அடைபடும்படி செய்து, பானையில் இட்டு மீண்டும் சூடேற்றிக் கிளறுவர். விளிம்பு உருகி மழுங்கும். சாம்பல் இருப்பதால் துளை மூடாது. மணிகளும் ஒன்றோடொன்று ஒட்டா. பிறகு சலித்து, அளவு பிரித்து, கோத்துவிட்டால் சரம் விற்பனைக்கு ஆயத்தம். பெரும்பாலும் 5 மி.மீ.க்கும் குறைந்த இம்மணிகளைக் கல்லில் செய்வதென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியே துளையிட்டாக வேண்டும். இழுப்பு முறையிலோ துளை குழலோடேயே பிறந்துவிடுகிறது. மணி என்ற பொருள் செல்வர் வீட்டு வாயிலைக் கடந்து வெளியே வந்தது இந்த ஒரு நுட்பத்தால்தான் என்று துணிந்து கூறலாம்.

நிறத்தின் கதை இன்னும் நுட்பமானது. சோடாக் கண்ணாடியில் சிறிதளவு செம்பைச் சேர்த்து, காற்று தாராளமாகப் புகும் உலையில் உருக்கினால், உயிர்வளியோடு கூடிய செம்பு கண்ணாடிக்கு நீலப்பச்சை நிறத்தைக் கொடுக்கும். பிரோசாக் கல்லின் நிறத்துக்கும் செம்பின் அதே நிலைதான் காரணம். வெள்ளீய ஆக்சைடு போன்றதொரு பொருள் உடன் சேர்ந்தால் கண்ணாடியின் ஊடுருவும் தன்மையும் மறைந்து கல்லின் ஒளிபுகாத் தோற்றம் வந்துவிடும். அதே செம்பு கலந்த கண்ணாடியை, காற்றை அடைத்துப் புகை மண்டிய உலையில் உருக்கினால் உயிர்வளியை இழந்த செம்பு நுண்துகள்களாகப் பிரிந்து, செங்கல்லின் சிவப்பு தோன்றும். தென்னிந்திய அகழாய்வுகளில் மிகுதியாகக் கிடைக்கும் செம்மணியும் வானீல மணியும் இவ்வாறு ஒரே உலோகத்தின் இரு முகங்கள். இடையில் நிற்பது உலைக்காரரின் காற்றுக் கணக்கு மட்டுமே. அடர்நீலத்துக்குக் கோபால்ட்டும், ஒளிபுகா மஞ்சளுக்குக் காரீயமும் வெள்ளீயமும் பயன்பட்டன. இவற்றுள் எதையும் அன்றைய கைவினைஞர் தனிமங்களாக அறிந்திலர்; உலையின் நிறம், புகையின் மணம், உருகலின் பிசுபிசுப்பு ஆகியவற்றைக் கொண்டே அறிந்திருந்தனர்.

இம்மணிகளைப் போலி என்று ஒதுக்குவது நகை வரலாற்றில் வழக்கமாகிவிட்டது. இந்தியர் படிகத்துக்குச் சாயமேற்றிப் பச்சைக்கல் போன்றவற்றைப் போலியாகச் செய்யக் கற்றிருந்தனர் என்று பிளினி எழுதியதும் இவ்வழக்கத்துக்குத் துணைபோகிறது. எகிப்தியரும் பிரோசாவுக்கு மாற்றாகப் பயன்ஸ் என்னும் மெருகிட்ட படிகத்தூள் மணிகளைச் செய்தனர். ஆயினும் அவற்றை அரசர்களின் கல்லறைகளிலேயே வைத்தனர், இழிவாகக் கருதவில்லை. போலி என்பதற்கு, அசலைக் கண்டறிந்து அதை விரும்பிய ஒருவர் ஏமாற்றப்பட வேண்டும். பிரோசாக் கல் ஏறத்தாழ வந்தே சேராத பழனி, திண்டுக்கல் சமவெளியில் நீலப்பச்சைக் கண்ணாடி மணியை அணிந்த பெண் எந்தக் கல்லுக்கும் மாற்றாக அதை அணியவில்லை. அந்த நிறம் அவளுக்கு மலைக்குப் பின்னால் தெரியும் வானமாகவும், அடிவாரக் காட்டில் திரியும் மயிலின் கழுத்தாகவும் முன்பே அறிமுகமாகியிருந்தது. பொதினி என்று சங்கப் பாடல்களில் வழங்கும் பழனி மலைக்குத் தலைவனாகிய வையாவிக் கோப்பெரும்பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை அளித்தவன் என்று கபிலர், பரணர் முதலிய புலவர்களால் புகழப்பட்டு, கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக நிற்கிறான். பேகனின் கதையிலிருந்து மணியின் நிறத்துக்கு நேர்கோடு போடுவது மிகையாகும். ஆனால் மயில்கழுத்து நிறம் என்ற பெயர் சேலைக் கடைகளில் இன்றும் தனி மதிப்போடு நிற்பதையும், பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமும் ஓட்டி அதனை நெய்துகாட்டத் தறிகாரர்கள் மெனக்கெடுவதையும் நோக்கினால், இந்த நிறவேட்கைக்குப் பாரசீகக் கல்லின் தயவு தேவைப்படவில்லை என்பது தெளிவாகும்.

உடலோடு பொருந்துவதிலும் கண்ணாடிக்கே மேன்மை. நல்லெண்ணெய் தேய்த்து முழுகி, மஞ்சளும் சந்தனமும் பூசி, வெயிலில் வியர்க்க உழைக்கும் உடம்பில், எண்ணெயை உறிஞ்சி நிறம் கெடும் கல் நெடுநாள் தாங்காது. கண்ணாடி எண்ணெயை ஏற்பதில்லை. கழுவினால் பழைய நிறம் திரும்பும்.

இத்தகைய மணிகள் உள்நாட்டுக் கழுத்துகளோடு நிற்கவில்லை. ஈழத்தின் மாந்தை, தாய்லாந்தின் கிளோங் தோம், மலேசியாவின் கோலா செலின்சிங், வியட்நாமின் ஒக்-இயோ ஆகிய இடங்களில் இழுப்பு முறையில் செய்த மணிகள் பெருமளவில் கிடைத்துள்ளன. மணிகள் மட்டுமின்றி, மணி செய்வோரும் கடல் கடந்து சென்று அங்கெல்லாம் உலை அமைத்தனர் என்பது பிரான்சிஸ் முன்வைத்த கருத்து. கொரியத் தீபகற்பத்தின் பழங்கல்லறைகள்வரை இவ்வகை மணிகளின் பரவல் நீண்டது.

பிற்கால மணிநூல்கள் வகுத்த நவமணிகளுள் பிரோசாவுக்கு இடம் இல்லை. மதுரையின் மணிக்கடைத் தெருவை விரித்துரைக்கும் சிலப்பதிகார ஊர்காண் காதையிலும் வைரம், மரகதம், மாணிக்கம், நீலம், முத்து, பவளம் முதலியனவே பேசப்படுகின்றன. இஸ்லாமிய உலகோடு தொடர்பு பெருகிய நூற்றாண்டுகளில் அக்கல் மோதிரக் கல்லாகத் தென்னாட்டிலும் அறிமுகமானது; ஷியா முஸ்லிம்களிடையே அகீக் என்னும் சூதுபவள வகைக் கல்லும் பிரோசாவும் பதித்த வெள்ளி மோதிரத்துக்கு இன்றும் சமய மதிப்பு உண்டு. எனினும் தமிழ் முஸ்லிம்களின் திருமணத்தில் கழுத்தேறுவது பிரோசா அன்று, கருகமணியே. அதுவும் கண்ணாடி மணிதான். கண்ணேறு கழிக்கும் வேலையைப் பாரசீகத்தில் நீலக்கல் செய்ய, தமிழகத்தில் கருமணியும் வசம்பும் கறுப்புக் கயிறும் செய்துவருகின்றன.

பழனி அடிவாரத்தில் இன்று விற்கும் பாசிச் சரங்களுள் பொருந்தல் மண்ணின் தொடர்ச்சி எதுவும் இல்லை. திருவிழாக் கூட்டங்களில் ஊசியும் பாசியும் விற்கும் நரிக்குறவர்கள் கோக்கும் மணிகள் பெரும்பாலும் வடநாட்டுத் தொழிற்கூடங்களிலிருந்து வருபவை; கண்ணாடிக்கு இடையே நெகிழியும் மிகுதியாகக் கலந்துவிட்டது. கோக்கும் கைவேலையும் நிறங்களை அடுத்தடுத்து வைக்கும் கண்ணும் மட்டும் அவர்களுடையவை. 2023இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்ட இம்மக்களே மணி விற்பனையைத் தெருவில் உயிரோடு வைத்திருப்பவர்கள். அவர்களுடைய அணிகலன் மரபை முறையாக ஆவணப்படுத்தும் பணி அகழாய்வுக்கு இணையான அக்கறையோடு நடக்க வேண்டியது.

நகைக்கடையின் டர்காய்ஸ் செம்பு கலந்த கண்ணாடி மணிக்கு நேர்மாறான நிலையில் உள்ளது. மலிவு விலையில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி, ஹௌலைட், மாக்னசைட் என்னும் வெண்ணிறக் கனிமங்களுக்கு நீலச்சாயம் ஏற்றியவை. அசல் கல்லிலுள்ளது போன்ற கரிய நரம்புகள் ஹௌலைட்டில் இயற்கையாகவே ஓடுவதால் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. நகப்பூச்சை நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் பல கற்களின் நீலம் பஞ்சில் இறங்கும். அசலாக இருப்பவற்றிலும் பெரும்பாலானவை, மென்மையான கல் உதிராதிருக்கப் பிசின் ஊட்டி இறுக்கப்பட்டவையே. சாயம் கல்லின் மேற்பரப்பில் தங்குகிறது; உலையில் கலந்த செம்போ கண்ணாடியின் உடல் முழுவதும் பரவிவிடுகிறது. உடைந்த பழமணியின் உட்புறமும் வெளிப்புறத்தின் நிறத்திலேயே இருப்பது இதனால்தான். அகழாய்வுக் குழியில் ஒரு துண்டைக் கொண்டே மணியின் நிறத்தையும் செய்முறையையும் ஆய்வாளர் குறிக்க முடிவதும் இதனால்தான்.